அண்ணாச்சியின் ரூல் புக்

அம்பாசமுத்திரத்தில் எந்தத் திண்ணையில் நாலு பேர் குனிந்து எதையாவது ஆடிக்கொண்டிருந்தாலும் ஐந்தாவதாக ஒருவர் நிற்பார். ஆட வரமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். யாராவது காயில் விரலை வைத்துவிட்டு யோசித்தால் போதும், "தொட்டா நகத்தணும் வே" என்று மேலேயிருந்து குரல் இறங்கும். இவர்தான் ரூல் அண்ணாச்சி. ஊருக்கு ஒருவர் போதும். அம்பையில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியிலும் உண்டு. ஆனால் இவரைக் கேட்டால், அவர்களெல்லாம் டூப்ளிகேட்.

வீட்டு அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கோப்பை இருக்கிறது. முலாம் உரிந்து பித்தளை பல்லை இளிக்கிறது. '1984 சதுரங்கம் முதல் பரிசு' என்று வெட்டிய எழுத்தில் 'முதல்' மட்டும் பளபளக்கும். துடைக்கிறவர் விரல் அங்கேதான் போகிறது. அந்தக் கோப்பையைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் புரிந்துகொள்ள முடியாது. உலகத்தில் உள்ள அத்தனை ஆட்டங்களும் 1984-ல் முழுமை பெற்றுவிட்டன என்பது அவர் கட்சி. அதற்கு முன்னால் நடந்த மாற்றங்கள் வளர்ச்சி. பின்னால் வந்தவை கோட்டித்தனம்.

அவருடைய தாத்தா ஆடியது வேறு ஆட்டம். நாட்டுச் சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். இன்றைய மாதிரி கோட்டை கட்டுவது கிடையாது. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோல் தாவிக்கொள்ளலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய், அந்தப் பத்தியில் எந்தக் காய்க்கு இடமோ அதுவாகத்தான் மாறும். இதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு. பள்ளிக்கூடத்தில் புது ரூல் படித்துவிட்டு வந்த பேரன், "தாத்தா, இப்பல்லாம் சிப்பாய் ரெண்டு கட்டம் போகும்" என்று சொன்னபோது, அவர் பலகையை மடக்கி அட்டத்தில் போட்டுவிட்டார். அந்தப் பேரன்தான் இன்றைய அண்ணாச்சி. இந்தக் கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார், தாத்தாவின் பிடிவாதத்துக்கு உதாரணமாக.

மீர் சுல்தான் கானின் பேச்சும் உடனே வரும். பஞ்சாப்காரர். நாட்டு விதியில் வளர்ந்தவர், 1929-ல் லண்டன் போய் அந்த வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932-லும் 1933-லும் மறுபடி வென்றார். சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-ல், அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. இந்தச் செய்தியை அண்ணாச்சி இரண்டு பக்கமும் அடிப்பார். பழைய விதி உசத்தி என்று நிரூபிக்க வேண்டிய நாளில், "நாட்டு ஆட்டத்துல வளந்தவம்லா" என்பார். புது விதிக்கு வக்காலத்து வாங்க வேண்டிய நாளில், "புதுசப் படிச்சதாலதான் ஜெயிச்சான்" என்பார். இரண்டு நாளும் சுல்தான் கான் வாய் திறக்கவில்லை.

உண்மையில், மந்திரி ராணியான கதையைவிடப் பெரிய கலவரம் சதுரங்கத்தில் நடந்ததில்லை. ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற மந்திரி பல நூறு ஆண்டுகள் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்ந்துகொண்டிருந்தார். ஐரோப்பாவில் அந்த இடத்துக்கு ராணி வந்த பிறகும் அதே ஒரு கட்டம்தான். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்பெயினின் வலென்சியா வட்டாரத்தில், அவள் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட ஆரம்பித்தாள். மூன்று நாள் இழுத்த ஆட்டம் அரை மணியில் முடிந்திருக்கும். அன்றைக்கு வலென்சியாவிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருப்பார், சந்தேகமே வேண்டாம்.

1924-ல் பாரிஸில் உருவான அந்தக் கூட்டமைப்புதான் இன்றைக்கும் அண்ணாச்சியின் முதல் எதிரி. 50 நகர்வுக்குள் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாவிட்டால் டிரா கேட்கலாம் என்றொரு விதி. சில வகை முடிவாட்டங்களுக்கு 50 போதாது என்று 1980-களில் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 1992-ல் எல்லாவற்றுக்கும் மறுபடி 50 என்று திரும்பினார்கள். அண்ணாச்சி எழுதிய எந்தக் கடிதமும் அங்கே போய்ச் சேரவில்லை என்றாலும், அதைத் தன் வெற்றியாகவே கணக்கில் வைத்திருக்கிறார். 2014-ல், யாரும் கேட்காவிட்டாலும் 75 நகர்வில் ஆட்டம் தானாகவே டிரா என்று வந்தபோதுதான் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கத்தினார்: "கேக்காதவனுக்கு எதுக்கு வே குடுக்கான்?"

செல்போன் விதியில் மட்டும் அவருக்கு முழுத் திருப்தி. 2003-ல் உக்ரைனின் பொனமரியோவ், உலக சாம்பியனாக இருந்த மனிதர், ஆட்டத்தின் நடுவே போன் அடித்ததால் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். அண்ணாச்சியிடம் போன் இல்லாத காலத்தில் வந்த செய்தி என்பதால் அதில் அவருக்கு ஆட்சேபணை எழவில்லை.

2024 டிசம்பரில் நியூயார்க்கில் மேக்னஸ் கார்ல்சன் ஜீன்ஸ் போட்டு வந்து, அபராதம் கட்டி, மாற்ற மறுத்து, போட்டியை விட்டே விலகினார். இரண்டொரு நாளில் உடை விதியைத் தளர்த்தி அவரைத் திரும்ப வரவழைத்தார்கள். இந்தச் செய்தி அம்பைக்கு வந்தபோது அண்ணாச்சிக்கு ஒரே சந்தேகம்: வேட்டி கூடுமா கூடாதா? 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது 'தம்பி' என்ற குதிரைச் சின்னத்துக்கே வேட்டி சட்டைதான். குதிரை கட்டலாம் என்றால் மனுஷன் கட்டக் கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

வெளியே இப்படி முழங்குகிறவர் வீட்டுக்குள் தாயத்தில் மட்டும் வாலைச் சுருட்டிக்கொள்வார். ஆச்சி கல்லிடைக்குறிச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். அவர் பிறந்த வீட்டில், எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டினால்தான் உள்கட்டம் ஏறிப் பழம் எடுக்கலாம். அண்ணாச்சி வீட்டில் வெட்டாமலே ஏறலாம். எதற்கும் புத்தகம் கிடையாது, கூட்டமைப்பு கிடையாது, பாரிஸும் கிடையாது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கத் தாயம் போட்டால், விடிவதற்குள் சண்டை வந்து ஆட்டம் நின்றுவிடும். ஆச்சியின் தீர்ப்பு ஒரே வரி: "கோடு போட்டவ சொல்றதுதான் ரூலு." சுண்ணாம்புக் கட்டி எப்போதும் அவர் கையில்தான்.

போன கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேரன் ஒரு பையைக் கவிழ்த்தான். பச்சை, ஊதா என்று பகடைகள் உருண்டன. ஒன்றுக்கு இருபது முகம். அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெண்டு தாயக்கட்டைக்குச் சேர்த்தே எட்டு முகம்தான்.

"இதுல ஜெயிக்கிறது யாருலே?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க தாத்தா. ஆளுக்கு ஒரு வேஷம். கதை போய்க்கிட்டே இருக்கும்."

"அப்பம் கப்பு யாருக்கு?"

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அந்த ஆட்டம் 1974-ல் அமெரிக்காவில் வெளியானது; உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும். பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். முதலில் அச்சடித்தது 1,000 பிரதி. அதன் பின் 1989, 2000, 2008, 2014 என்று பதிப்பு பதிப்பாக ரூல் மாறிக்கொண்டே வந்தது. 2000-க்கு முன்னால் கவச எண் குறையக் குறைய வீரனுக்குப் பாதுகாப்பு. அந்த ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கி, கூடக் கூட நல்லது என்றது. 2008-ன் நான்காம் பதிப்பு பிடிக்காமல் பெருங்கூட்டம் கோபித்துக்கொண்டு வெளியேறியது. அடுத்த வருஷமே வேறொரு கம்பெனி பழைய ரூலைத் தட்டிக்கொட்டி 'பாத்ஃபைண்டர்' என்று விற்க, கூட்டம் அங்கே போய் உட்கார்ந்தது. 1974-ன் பெட்டியைத் தவிர எதையும் தொடாதவர்கள்கூட அந்த நாட்டில் இருக்கிறார்கள். இதைக் கேட்டதும் அண்ணாச்சியின் முகத்தில் ஒரு வெளிச்சம். அமெரிக்காவில் தனக்கு இத்தனை பங்காளிகள் இருப்பது அவருக்குத் தெரியாது.

ஆட்டத்தை நடத்துகிறவர், தேவைப்பட்டால் ரூலை மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த ரூல் புக்கே சொல்கிறது என்பதைப் பேரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அண்ணாச்சிக்கு மூச்சு ஒரு நிமிஷம் நின்றது. அடுக்களையிலிருந்து ஆச்சி சிரித்த சத்தம் கேட்டது.

ஆனாலும் உட்கார்ந்தார். பேரனிடம் இருந்தது 2014 புத்தகம். ஒரு வாரத்தில் அண்ணாச்சி அதை, பாபநாசம் பஸ் டைம் டேபிளைப் போல, மனப்பாடம் செய்துவிட்டார். அடிபட்ட வீரன் மருந்துக் குப்பியைக் குடித்தால் அந்த முறைக்கு அவன் வாள் வீச முடியாது. இதில் யாரையும் அவர் விடுவதில்லை. இரண்டாவது வாரம் பேரனின் சிநேகிதன் ஒருவன் தென்காசியிலிருந்து வந்தான். கையில் 2024-ல் வந்த திருத்தப் பதிப்பு. மருந்தைக் குடித்த கையோடு வெட்டவும் செய்யலாம் என்று விரலை வைத்துக் காட்டினான்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"எய்யா, ஒரு டம்ளர் காபி குடிக்கே நமக்குக் கால் மணி நேரம் ஆகுது. இவன் குப்பிய வாயில கவுத்துக்கிட்டே பூதத்த வெட்டுவானாக்கும்? அந்தக் கோட்டித்தனமெல்லாம் இங்க நடக்காது. நாம ஆதியிலேர்ந்து எப்படி ஆடுதமோ, அப்படித்தான்."

ஆதி என்று அவர் சொன்னது போன செவ்வாய்க்கிழமையை.