டி.வி.யில எப்ப வருவான்?

குமரி மாவட்டத்து அருமனையில், நர்சிங் படித்தால் வளைகுடா, இன்ஜினியரிங் படித்தால் பெங்களூரு என்று கணக்கு தெளிவாக இருந்தது. விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படித்தால் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாததால், பிள்ளைகளை என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்பது என் தகுதி. அம்மாக்களுக்கு ஒரே கேள்விதான்: "அண்ணே, இவன் டி.வி.யில எப்ப வருவான்?"

அதற்கு வேலையே வேண்டாம், தலைவர் பேட்டி கொடுக்கும்போது பின்னால் நின்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பையன் தன் குறும்படத்தைக் காட்டுவான். ரப்பர் தோட்டம், மூடுபனி, ஒருவன் நடக்கிறான். எட்டு நிமிடமும் நடக்கிறான்.

"யாருக்க தோட்டம்?"

"மாமாவுக்க தோட்டம்."

"ஷீட் இன்னைக்கு என்ன விலை?"

தெரியாது. என்னளவில் நேர்முகத் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். இங்கே பேப்பரைப் பிரிப்பவர் முதலில் தேடுவது கோட்டயம் விலையை. ரப்பர் வாரியத்தின் தலைமை அலுவலகம் அங்கேதான். ஒருமுறை இந்தப் பக்கத்துப் பகுதிநேர நிருபர் ஒருவர் 'ஆர்.எஸ்.எஸ்.-4 விலை சரிவு' என்று செய்தி அனுப்பினார். சென்னை டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் பதறிப்போய் போன் செய்தான்: "சார், அவங்க தரப்புல மறுப்பு வாங்கினீங்களா?" புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டில் அது நாலாம் தரம் என்று நிருபர் விளக்கி முடிப்பதற்குள் பதிப்பு அச்சுக்குப் போய்விட்டது.

பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் இராது. விளம்பரத்துக்குக் கமிஷன் உண்டு. ஆகவே நான் முதலில் கற்கச் சொல்வது நினைவஞ்சலி விளம்பரம். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். முதலமைச்சர் பெயரில் பிழை விட்டால் மறுநாள் திருத்தம் போட்டு முடித்துக்கொள்ளலாம். மூத்த மருமகன் பெயருக்குப் பக்கத்தில் 'பொதுப்பணித்துறை, ஓய்வு' என்பதை விட்டுவிட்டாலோ, இளைய மருமகனை ஒரு வரி மேலே ஏற்றிவிட்டாலோ, அப்புறம் மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏற முடியாது. பெயர், இனிஷியல், உறவுமுறை, வயது, எல்லாவற்றையும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அந்த இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியாக இருந்தால் இன்னும் நல்லது. இதழியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நடத்துகிற சரிபார்த்தல் பாடம், சாவு வீட்டில் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

அருமனை கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பெரிய கட்சித் தலைவர்கள் வருவதுண்டு. வெளியூர் கேமராக்கள் தலைவரைப் பார்த்துக்கொள்ளும். உள்ளூர்ப் பையன் பார்க்க வேண்டியது மேடையின் இரண்டாவது வரிசையை. அடுத்த தேர்தலில் சீட் யாருக்கு என்பதை அங்கே நாற்காலி மாறுவதை வைத்தே சொல்லிவிடலாம்.

முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு நாகர்கோவில் வானொலியைச் சொல்வேன்; 1984-இல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலியாகத் தொடங்கிய நிலையம் அது. 'ழ' நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாக்கியம் முடியும்போது ராகம் மட்டும் கொஞ்சம் ஏறும்; குரல் தேர்வுக்கு முன் இறக்கிக்கொள்ளலாம்.

தன்விவரத்தில் போட்டோஷாப் தெரியும், பிரீமியர் தெரியும் என்று எழுதுகிறார்கள். மலையாளம் தெரியும் என்பதை எழுதுவதில்லை. அக்கம்பக்கத்தில் பேசுவதெல்லாம் தகுதியா என்று நினைப்பு. முல்லைப்பெரியாறு விவகாரம் கிளம்பும்போதெல்லாம் மலையாளச் செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் தமிழில் தரக்கூடிய ஆளுக்குச் சென்னை சேனல்களில் எவ்வளவு மரியாதை என்று இவர்களுக்குத் தெரியவில்லை. வேலைக்குச் சென்னைக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. சென்னை இங்கிருந்து 700 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 50-க்குள். தினமலரே 1951-இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. 1956-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகுதான் திருநெல்வேலிக்கு இடம் மாறியது.

இவற்றில் எதையும் செய்யாமல், முதல் காரியமாக பைக்கில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. அப்படி ஒருவனைக் களியக்காவிளையில் ஹெல்மெட் இல்லாமல் வந்ததற்காகப் போலீஸ்காரர் நிறுத்தி, எந்தப் பேப்பர் என்று கேட்டிருக்கிறார். "இனிமேதான் தேடணும் சாரே" என்றிருக்கிறான். அபராதம் போட்டுவிட்டார்கள். கட்டிவிட்டு, ரசீதையும் கேட்டு வாங்கி, அதில் தன் இனிஷியல் தப்பாக இருப்பதைக் காட்டித் திருத்தச் சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியருக்கு அவனைச் சிபாரிசு செய்து கடிதம் போட்டிருக்கிறேன்.