பதுளைக் கப்பித்தான்

பதுளைக்கும் சமுத்திரத்துக்கும் நடுவே பசறை வளைவுகளும், மொனராகலைக் காடுகளும், சியம்பலாண்டுவை வெயிலும் குறுக்கே கிடந்தபோதிலும், ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் கப்பித்தான்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கடலுக்கு எவ்வளவு தூரத்தில் ஒருவர் வசிக்கிறாரோ, கடலைப் பற்றிய அவருடைய அபிப்பிராயங்களும் அவ்வளவுக்கு உறுதியாகிவிடுகின்றன.

நான் சொல்லும் கப்பித்தான் சாதாரண நாட்களில் ஏதோ ஒரு தோட்டத்து ஸ்டோரில் டீமேக்கராக உத்தியோகம் பார்ப்பவர். துரையின் ஜீப்பு மேல் வளைவில் இரையும்போதே கீழே நாற்காலியை விட்டு எழுந்துவிடும் அளவுக்கு விநயம் படைத்தவர். "யெஸ் சேர்" என்ற இரண்டு சொற்களைக் கொண்டே தமது சேவைக்காலம் முழுவதையும் நடத்திவந்தவர். அப்படிப்பட்டவருடைய உள்ளத்தில், தாம் கட்டளையிட மற்றவர்கள் கீழ்ப்படிய, ஆகாயத்தைத் தவிர மேலதிகாரி எவரும் இல்லாத ஓர் இடம் உலகத்தில் எங்கேயாவது இருக்கவேண்டும் என்ற ஆசை முளைத்தால், அது கடலில் அல்லாமல் வேறு எங்கே போய் நிற்கும்? ஆகையால் அவர் கைத்தொலைபேசியில் பாய்க்கப்பல் படங்கள் பார்க்கிறார். ஜன்னல் திரைக் கயிற்றில் மாலுமி முடிச்சுப் போட்டுப் பழகி, அவிழ்க்கும் பாடம் இன்னும் வராதபடியால், திரையை அறுத்தெடுக்கும் பொறுப்பை மனைவியிடம் ஒப்படைக்கிறார். வாடை, சோளகம், கச்சான் என்று காற்றுகளின் நாமாவளியைக் கொழுந்து மடுவத்தில் நின்று பிரசங்கிக்கிறார்.

கடலோடிக்கு வம்சாவளி அவசியம் என்பதால் அதையும் சேகரித்து வைத்திருக்கிறார். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதையை, சுக்கானைப் பிடித்திருந்தவர் தம்முடைய சொந்தச் சிற்றப்பா என்று கேட்பவர்கள் எண்ணும்படியாகச் சொல்லுவார். பதினைந்தாம் நூற்றாண்டில் சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்கள் இத்தீவை நெருங்குகையில் அடையாளம் குறித்துக்கொண்ட 'கிளிமூக்கு மலை' நமது நமுனுகுலையே என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுவதும் அவருக்குத் தெரியும். போதாக்குறைக்குத் தியத்தலாவை இருக்கிறது. ஒரு சாண் உப்புத்தண்ணீரும் இல்லாத, நாலாயிரம் அடி உயரத்து அந்த மேட்டிலே, இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் கடற்படையார் ஓய்வு முகாம் ஒன்றை அமைத்து, தரையிலுள்ள ஸ்தாபனத்தையும் கப்பலாகவே பாவிக்கும் தங்கள் சம்பிரதாயப்படி, அதற்கு 'எச்.எம்.எஸ். ஊவா' என்று நாமகரணம் செய்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கைக் கடற்படையும் 'ரங்கல' என்ற பெயரில் தன் புதிய மாலுமிகளை அங்கேயே பயிற்றுவித்தது. ராஜாங்கமே மலையில் மாலுமிகளை விளைவிக்கலாம் என்று நம்பியிருக்க, ஒரு டீமேக்கர் நம்புவதில் என்ன தப்பு? மெய்யான வம்சாவளியோ, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914 முதல் ஓடிய கப்பலின் தளத்தில் மூட்டையோடு குந்தியிருந்து வந்த பாட்டனாரோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பிரயாணம் சில மணி நேரமே என்பதையும், பாட்டனார் முழு நேரமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பதையும் பேரன் பிரஸ்தாபிப்பதில்லை. தாமாக ஒரு படகிலும் கால் வைக்காமலே கள்ளத்தோணி என்ற பட்டத்தைப் பிறப்போடு சுமந்த சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், சொந்தக் காசு கொடுத்து, அதற்கு ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு நல்ல தோணியில் ஏற ஆசைப்படுவதை நான் பரிகாசம் செய்யமாட்டேன். பரிகாசத்துக்குரிய விஷயங்கள் அவரிடம் வேறே தாராளமாக இருக்கின்றன.

ஆடி மாதத்தில் காரியம் முற்றிவிடுகிறது. வறண்ட காற்று ஊவா மலைகளில் வீசித் தேயிலைக்கு அதன் கீர்த்திபெற்ற வாசனையைக் கொடுக்கும் காலம் அது. டீமேக்கர் ஸ்டோரை விட்டு ஓர் அடியும் நகரக்கூடாத காலம். ஆனால் கிழக்குக் கரைக் கடல் அடங்கியிருப்பதும் அப்போதுதானே? உகந்தை முருகனுக்கு நேர்த்திக்கடன் என்று துரையிடம் சொல்லி லீவு பெறுகிறார். பொத்துவிலை அடுத்த உல்லையில் பைபர் வள்ளம் ஒன்றை அமர்த்தி, கரையோரமாகவே பாணமையைத் தாண்டி உகந்தைக்குப் போய் இறங்குவது திட்டம். முருகப்பெருமானே கல்லோடத்தில் வந்து கரையேறிய ஸ்தலம் என்பது ஐதிகம். கல்லே மிதந்த கடலில் பைபர் மிதக்காதா என்பது அவருடைய தர்க்கம்.

"விடியமுந்தி இறங்கினா நல்லம் சேர், வெயில் ஏறினாக் காத்து எழும்பிரும்" என்று வள்ளக்காரப் பையன் முதல்நாளே சொல்லியிருந்தான். கப்பித்தானோ கடற்கரையில் பெரட்டு வைக்கிறார். மைத்துனர், மருமக்கள் இருவர், தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஆகியோரை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசித்து, சுக்கானுக்கு மைத்துனரை நியமிக்கிறார். வள்ளத்தில் எஞ்சின் கைப்பிடியைத் தவிர வேறு சுக்கான் இல்லை என்று தெரிந்ததும், அந்த உத்தியோகத்தை ரத்துச் செய்யாமல் காலியாகவே வைத்திருக்கிறார். கொழுந்து மலையில் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு, ஆழம் பார்ப்பதற்காக, வாத்தியார் கையில் கொடுக்கப்படுகிறது. இதெல்லாம் முடிய மணி பத்தாகிறது. பெரிய அலைகள் வந்து ஓய்ந்த இடைவெளிக்காகப் பையன் கடலைப் பார்த்துக் காத்திருக்கையில், கப்பித்தான் தம்முடைய முதற் கட்டளையைப் பிறப்பிக்கிறார்: "தள்ளு!" தள்ளுகிறார்கள். சமுத்திரம் பாதிக்குமேல் வள்ளத்துக்குள் வந்து உட்காருகிறது. பையன் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் இறைக்கும் வாளியை எடுத்து நீட்டுகிறான்.

இரண்டாம் முறை பையன் சொன்ன நேரத்தில் தள்ளினார்கள், வள்ளம் போயிற்று. பசறை வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கி வளர்ந்த வயிற்றுக்குக் கடல் ஒரு பொருட்டல்ல என்று கப்பித்தான் கட்சி பேசியிருந்தார். பஸ்ஸின் வளைவு கண்ணுக்கு முன்னே தெரிகிறது; அலையின் வளைவோ வயிற்றுக்குத்தான் முதலில் தெரிகிறது. காற்று எழும்பியதும் வாத்தியார் மட்டக்கம்பைக் கைவிட்டு விளிம்பைப் பிடித்தார். மருமக்கள் அவரைப் பின்பற்றினார்கள். யானைக்கல் கண்ணில் பட்ட சமயத்தில் கப்பித்தானுடைய கம்பீரமும் கடலில் கலந்துவிட்டது. "நடுவில குந்துங்க, அசையாம இருங்க, கரையப் பாருங்க" என்று பையன் உத்தரவு போட்டபோது, அவருடைய வாயிலிருந்து பழக்கத்தினால் "யெஸ் சேர்" என்று வந்தது.

கரையைப் பார்த்ததில் ஒரு பிரயோசனம் உண்டாயிற்று. மேற்கே வெகு தூரத்தில் நீலமாக ஏதோ எழும்பி நின்றது. நமுனுகுலை என்றார் கப்பித்தான்; இல்லை, எங்கள் தோட்டத்து மேல்மலை என்றார் மைத்துனர்; சிகரங்களை எண்ணினால் தெரிந்துவிடும் என்று வாத்தியார் விளிம்பிலிருந்து தலையை உயர்த்தினார். குமட்டலை மறந்து மூவரும் மலைக்கு மலை வாதாடிக்கொண்டிருந்தபோது, எஞ்சினைத் திருப்பி வள்ளத்தை உல்லைக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்த பையன், "அது முகில் சேர்" என்றான்.

மறுநாள் வேன் பிடித்து உகந்தைக்குப் போனார்கள். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, விபூதி பூசிக்கொண்டபின் கடற்கரைக்கு இறங்கி, பெருமான் வந்த கல்லோடத்தைத் தரிசித்தார்கள். மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ள, கப்பித்தான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "எல்லாம் சரிதான் மச்சான், அணியத்தைத்தான் இன்னும் கொஞ்சம் ஒசத்தி வச்சிருக்கணும்" என்றார்.