இரண்டு அங்குல உயர்வு

தூக்கிக் கட்டிய ஜீப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பேசுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாமே அழகுதான். முன்னால் போகிற காரின் கூரை தெரியும், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் காயப்போட்ட துணி தெரியும், டவுன் பஸ் டிரைவரிடம் முகம் பார்த்து வழி கேட்கலாம். நான் எழுதுவது பின்னிருக்கையிலிருந்து. பக்கத்தில் என் மாமியார் உட்கார்ந்திருக்கிறார்.

வண்டி என் மைத்துனனுடையது. கோயம்புத்தூர்ப் பதிவு, மூன்று கதவுத் தார். 2020இல் வந்த இந்தத் தாரை வந்தபடியே விட்டிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் கிடைத்திருக்காது. பழைய தாரில் பின்னால் இருந்த கமான் பட்டைக்கு விடைகொடுத்து, நான்கு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங் கொடுத்திருந்தார்கள். அடியில் 226 மில்லிமீட்டர் இடைவெளி. எங்கள் பக்கத்துச் சாலைகளில் அதைவிட உயரமாகக் கிடப்பது படுத்திருக்கும் எருமை ஒன்றுதான். அதன்மேல் ஏற்றிப் போகும் உத்தேசம் அவனுக்கும் இல்லை.

ஆனாலும், "லிஃப்ட் பண்ணாத தாரு, தாரே இல்லீங்க மாமா" என்றான்.

ஒரு பட்டறையில் வண்டியை விட்டான். ஸ்பிரிங்குக்கும் அது உட்காரும் கிண்ணத்துக்கும் நடுவே ஆளுக்கொரு பாலியூரித்தேன் வளையம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அதில் 2 அங்குலம். பிறகு 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல மட் டயர். குறுக்களவில் 2 கூடினால் தரையிலிருந்து கூடுவது பாதி, 1 அங்குலம். ஆக மொத்தம் 3 என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டான்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் அவனிடம் சொல்லவில்லை. தாரின் பின் ஆக்ஸில் ஒரே இரும்புத் தண்டு. இரண்டு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு, நடுவில் டிஃபரென்ஷியல் குண்டோடு கிடப்பது. பாறையில் முதலில் இடிபடுவது அந்தக் குண்டுதான். ஸ்பிரிங்குக்குக் கீழே என்ன வளையம் வைத்தாலும் ஆக்ஸில் இருந்த இடத்தில்தான் இருக்கும். டயர் தந்த 1 அங்குலம் மட்டுமே அதற்கு உயர்வு. அந்த வளையங்கள் பின்பக்கத்தில் 2 அங்குலம் உயர்த்தியது என்னையும் அத்தையையும்தான்.

(சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த அளவுக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. மைத்துனனிடம் நான் இதைச் சொன்னபோது, "ஸ்டிக்கர் ஒட்டினாக்கூடக் குத்தந்தானுங்களே மாமா" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டான்.)

முதல் குடும்பப் பயணம் வால்பாறைக்கு. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு முன்பே வேகத்தடைகள் எங்களை விசாரித்து முடித்திருந்தன. இந்தியச் சாலைக் குழுமத்தின் கணக்கில் ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நோகாமல் தாண்டலாம். எங்கள் வழியில் இருந்தவை அந்தக் கணக்கைப் படிக்காதவர்கள் போட்டவை. உயரத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டு அகலத்தில் மிச்சம் பிடித்திருந்தார்கள்.

தடையில் ஏறும்போது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. இறங்கும்போதுதான் பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். வளையம் உடம்பைத் தூக்கிவிட்டது. ஷாக் அப்சார்பர் பழைய நீளம்தான். சும்மா நிற்கும்போதே அது 2 அங்குலம் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது. பின்பக்கம் எழும்பும்போது சக்கரம் கீழே தொங்கித் தரையைத் தேட வேண்டும். ஷாக், இதற்கு மேல் என்னால் நீள முடியாது என்று அங்கேயே பிடித்து இழுக்கும். அந்த இழுப்பு நேராக அத்தையின் இடுப்புக்குப் போகும். பொள்ளாச்சி வருவதற்குள் அத்தை, "ஏஞ்சாமி, வண்டிக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்று மகனைக் கேட்டார். மகனுக்கு முன்னிருக்கையில் பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வளைவுகளில் வண்டி சாய்ந்த சாய்வில் என் மனைவி வைத்திருந்த எலுமிச்சம்பழம் பின்னிருக்கைக்குக் கை மாறியது.

ஊர் திரும்பியதும் பெட்டி பெட்டியாகப் பரிந்துரைகள் வந்தன. நைட்ரஜன் கேஸ் ஷாக், தனி டப்பா வைத்த ஷாக், வண்டிக்குள்ளிருந்தே திருகிக்கொள்ளும் ஷாக். விலை கேட்டதும், வண்டி நின்றிருந்தபோதே எனக்கு டங்கென்றது.

கடைசியில் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பெரியவரிடம் போனோம். தோட்டத்து ஜீப்களையே பார்த்து வளர்ந்த மெக்கானிக். அவர் ஷாக்கைப் பார்க்கவில்லை. டயரைக் காலால் உதைத்தார்.

"எத்தன பாயின்ட் வெச்சிருக்கீங்க?"

"நாப்பதுங்க."

"எதுக்குங்க? நெல்லு ஏத்தறீங்களா?"

பிரச்சினையின் பாதி அங்கேயே வெளியே வந்துவிட்டது. மைத்துனன் வாங்கியிருந்தது இ ரகம், பாரம் இழுப்பவர்களுக்கானது. முழுப் பாரத்துக்கு 80 பாயின்ட் காற்றுத் தாங்கும். பக்கச்சுவர் அவ்வளவு தடிப்பம். அதில் 40 வைத்து நான்கு பேரை ஏற்றினால் டயர் அமுங்காது. அமுங்க வேண்டிய முதல் ஸ்பிரிங் டயர்தான். பழைய டயருக்காகக் கதவோரம் ஒட்டியிருக்கும் எண் இதற்குப் பொருந்தாது. பெரியவர் ஒரு சாக்பீஸ் எடுத்து டயரின் தரைபடும் முகத்தில் குறுக்கே பட்டையாகக் கோடு போட்டுக் கொடுத்தார். நேர்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும்: நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு, சமமாக அழிந்தால் சரி. தெருமுனையில் நான்கு டயருக்கும் நான் வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த எதிர்வீட்டு அம்மா, "திருஷ்டிக்குங்களா? நடுவுல ஒரு பொட்டும் வெச்சிருங்க" என்றார். வைத்தேன். 28க்கும் 30க்கும் நடுவில் கோடு சமமாக அழிந்தது, பொட்டும் அழிந்தது.

அடுத்தது இன்னும் மலிவு. ஆக்ஸிலைச் சேசிஸோடு இணைக்கும் கைகளின் நுனியில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. நட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். மேலும் கீழும் ஆடும்போது முறுக்கிக் கொடுத்துத் திரும்ப வரும். "வண்டி ஜாக்கில தொங்கறப்பவே முறுக்கிப் போட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றார் பெரியவர். அப்படிச் செய்தால் வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதுவும் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், யாரும் கேட்காத ஸ்பிரிங். எல்லா நட்டையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, நாலு தடவை அமுக்கி விட்டு, மறுபடி இறுக்கினார். கூலி வாங்கக் கூச்சப்பட்டார்.

ஆனால் அந்த 'டங்' காற்றில் போகாது, நட்டில் போகாது. நீளமான ஷாக்கும் அதற்கேற்ற ஸ்பிரிங்கும் வேண்டும். இங்கே மைத்துனன் மறுபடி உற்சாகமானான். 'ஹெவி டூட்டி' என்ற சொல்லைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. பெரியவர் தடுத்தார். அந்த ஸ்பிரிங் இரும்பு பம்பர், வின்ச், கூரைமேல் கூடாரம் சுமக்கிற வண்டிக்கு. வெறும் வண்டிக்குப் போட்டால் உதறும். மனித உடம்பு மேலும் கீழுமான ஆட்டத்தில் விநாடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வைத்தான் அதிகம் வெறுக்கிறது. நல்ல கார் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை என்று நிதானமாக ஏறி இறங்கும். ஸ்பிரிங் இறுகினாலும் மேலே பாரம் குறைந்தாலும் அந்த எண் ஏறும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய ஜீப்களில் ஆள் நிறைய ஏறினால் கொஞ்சம் சுகமாக இருப்பதற்கும், காலியாகத் திரும்பும்போது தகரம் பேசுவதற்கும் இதுதான் காரணம்.

ஸ்பிரிங் கடையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பின்பக்கம் எப்போதும் இருக்கும் பாரம் எத்தனை கிலோ என்று ஒரு கட்டம். மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் என் எடையைச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் வாசலில் நின்றிருந்த அத்தையைப் பார்த்தோம். கேட்கும் துணிச்சல் பெற்ற மகனுக்கும் இல்லை, பெண் எடுத்த மருமகனுக்கும் இல்லை. உத்தேசமாக ஓர் எண்ணை எழுதினான். தைரியம் குறைந்து எழுதியதால் எண்ணும் குறைந்துவிட்டது. ஸ்பிரிங் ஒரு படி மிருதுவாக வந்தது. நல்லதாகப் போயிற்று.

இப்போது அத்தை உடுமலைப்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறார். புதிய ஸ்பிரிங்கில் உயரம் அரை அங்குலம் குறைந்துவிட்டதென்று மைத்துனனுக்கு மட்டும் மனக்குறை. டேப் வைத்து அளந்து பார்த்துக்கொள்கிறான். கழற்றிய நான்கு வளையங்களையும் விற்க மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அத்தை அவற்றை வாஷிங் மெஷினின் நான்கு கால்களுக்கும் அடியில் வைத்துவிட்டார். துணி பிழியும்போது அது முன்பெல்லாம் குளியலறை வாசல் வரை நடந்து வரும். இப்போது வைத்த இடத்திலேயே நிற்கிறது.