நானும் காலனிதான்!

காஸ்கரா என்றொரு கரீபியன் தீவு. மேப்பில் தேடாதீர்கள். 1985ல் வெளியான 'வாட்டர்' என்ற ஆங்கில காமெடிப் படத்துக்காகக் கட்டிவிட்ட தீவு அது. பிரிட்டிஷ் கவர்னராக மைக்கேல் கெய்ன். ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் கஞ்சா வளர்க்கிறார். ஆபீஸில் வேலையே இல்லாததால் மிச்ச நேரத்துக்குப் பஞ்சமில்லை.

தீவில் விடுதலை இயக்கமும் உண்டு. மொத்தமே இரண்டு பேர். அதன் தலைவராக பில்லி கானலி. நாடு விடுதலை அடையும்வரை பேச மாட்டேன், எதுவானாலும் பாட்டாகத்தான் பாடுவேன் என்று சபதம் செய்தவர். குண்டு வைத்திருந்தால்கூட கவர்னர் பொறுத்துக்கொண்டிருப்பார்.

லண்டனுக்கு அந்தத் தீவே தண்டச் செலவு. கைகழுவிவிடலாம் என்று கிளம்புகிற நேரம் பார்த்து, கைவிட்டுப்போன எண்ணெய்க் கிணற்றிலிருந்து மினரல் வாட்டர் பீய்ச்சி அடிக்கிறது. அதுவும் பணக்காரர்கள் பாட்டிலில் வாங்கிக் குடிக்கும் ரகம். நேற்றுவரை தண்டம், இன்று பேரரசின் பிரிக்க முடியாத அங்கம்!

படத்துக்குப் பணம் போட்டது பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் ஹாரிசனின் கம்பெனி. ஐ.நா. சபைக் கச்சேரி சீனில் அவரே கிட்டாரோடு வந்து நிற்கிறார். கூடவே எரிக் கிளாப்டன், டிரம்ஸில் ரிங்கோ ஸ்டார். இத்தனை பேர் வந்தும் படம் ஓடவில்லை. "ரொம்ப ஓவர், எந்த கவர்மென்ட் இப்படி நடந்துக்கும்?" என்றுதான் நமக்கும் தோன்றும்.

நடந்துகொண்டது சார்! படம் வருவதற்குப் பதினாறு வருஷம் முன்னாலேயே நடந்துகொண்டது.

அங்குவில்லா. இது மேப்பில் இருக்கிறது, பூதக்கண்ணாடி இருந்தால் தெரியும். பரப்பளவு சுமார் 91 சதுர கிலோமீட்டர். அறுபதுகளில் ஜனத்தொகை ஏறக்குறைய ஆறாயிரம். கடல், மணல், உப்பளம், ஆடுகள். ரோடு என்ற பெயரில் புழுதி. இப்படியொரு தீவைப் பிடிக்க எவனாவது படையெடுப்பானா? பொறுங்கள்.

1967ல் பிரிட்டன் தன் கரீபியன் கடையை ஏறக்கட்ட ஆரம்பித்தது. செயிண்ட் கிட்ஸ், நெவிஸ், அங்குவில்லா மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, பாதி சுதந்திரம் கொடுத்து, சாவியை செயிண்ட் கிட்ஸ் கையில் தந்துவிட்டது. செயிண்ட் கிட்ஸுக்கும் அங்குவில்லாவுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் கடலும், அதைவிட ஆழமான பகையும் இருந்தன. லண்டனின் மேப்பில் கடல் மட்டும்தான் தெரிந்தது.

செயிண்ட் கிட்ஸின் பிரதமர் ராபர்ட் பிராட்ஷா லேசுப்பட்ட ஆளில்லை. சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சங்கத் தலைவராக நின்று போராடி, வெள்ளைக்கார முதலாளிகளுக்குத் தண்ணி காட்டியவர். ஜெயித்தபின் ஒரு பழைய ரோல்ஸ் ராய்ஸ் வாங்கி, அந்தச் சின்னத் தீவைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதலாளியை விரட்டலாம், முதலாளியின் கார்மேல் உள்ள ஆசையை விரட்ட முடியுமா?

அந்த பிராட்ஷா ஆள்வதை அங்குவில்லாக்காரர்கள் ஏற்கவில்லை. 1967 மே 30 அன்று செயிண்ட் கிட்ஸ் போலீஸைத் தீவைவிட்டு மரியாதையாக மூட்டை கட்டி அனுப்பினார்கள். ஜூலையில் வாக்கெடுப்பு. பிரிவினைக்கு ஆதரவாக 1,813 ஓட்டு, எதிர்த்து 5. அவ்வளவு சின்ன ஊரில் அந்த ஐந்து பேர் யார் யாரென்று ஆறாவது நிமிடமே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்!

சரி, புரட்சி பண்ணியாயிற்று. கோரிக்கை என்ன? இங்கேதான் உலகப் புரட்சி வரலாறே தலைசுற்றி உட்கார்ந்தது. "எங்களை நீயே நேரடியாக ஆண்டுகொள், தாயே!" என்று பிரிட்டனிடம் கெஞ்சினார்கள். போலீஸ் துரத்தாமலேயே வலியப் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த 'தலைநகரம்' வடிவேலு மாதிரி, நானும் காலனிதான் என்று ஒரு தீவு அடம்பிடித்தது. உலகமே "வெளியே போ" என்று துரத்திய காலத்தில் ஒருத்தன் மட்டும் "உள்ளே வா" என்றால்? பிரிட்டனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

லண்டன் இழுத்தடித்தது. பொறுத்துப் பார்த்த அங்குவில்லா, 1969 பிப்ரவரியில் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தியது. குடியரசு ஆவதற்கு ஆதரவு 1,739, எதிர்ப்பு 4. தலைவர் ரொனால்ட் வெப்ஸ்டர். கவனித்தீர்களா? எதிர்க்கட்சியில் ஒரு ஆள் குறைந்துவிட்டார்.

மார்ச் 11 அன்று வில்லியம் விட்லாக் என்ற பிரிட்டிஷ் துணை மந்திரி சமாதானம் பேச வந்து இறங்கினார். ஏர்போர்ட்டில் ஜனங்கள் யூனியன் ஜாக் கொடியோடு திரண்டு வரவேற்றார்கள். மனிதர் அச்சடித்த நோட்டீஸை விநியோகித்துவிட்டு, வெப்ஸ்டர் தரப்பு தடபுடலாக ஏற்பாடு செய்திருந்த விருந்துக்குப் போகாமல் வேறொரு வீட்டில் சாப்பிடப் போய்விட்டார். பந்தி போட்டுக் காத்திருந்தவன் வீட்டில் கை நனைக்காமல் போனால் சும்மா விடுவானா? சாயங்காலத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். மந்திரி வந்த வழியே பறந்தார். மந்திரி மட்டும் சாப்பிட்டிருந்தால் படைச்செலவு மிச்சம்!

அவமானப்பட்டவன் உண்மையையா சொல்வான்? தீவு மாஃபியா கும்பலின் பிடியில் இருக்கிறது என்ற பேச்சு லண்டனில் பலமாக அடிபட்டது. பிரதமர் ஹரால்ட் வில்சன் படையை அனுப்பத் தீர்மானித்தார். இதே வில்சன்தான், 1965ல் ரோடீஷியாவின் வெள்ளையர்கள் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தபோது, "ராணுவமா? கூடவே கூடாது" என்றவர். காரணம் எளிது. ரோடீஷியாவிடம் விமானப்படை இருந்தது. அங்குவில்லாவிடம் ஆடு இருந்தது.

மார்ச் 19, விடியற்காலை. இரண்டு போர்க்கப்பல்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட பாராட்ரூப்பர்கள். கூடவே லண்டன் போலீஸ். இருட்டில் படகிலிருந்து குதித்து, முகத்தில் கரி பூசிய வீரர்கள் மணலில் பதுங்கி முன்னேறுகிறார்கள். திடீரென்று எதிரே பளீர் பளீர் என்று வெளிச்சம். போச்சு, எதிரி சுட ஆரம்பித்துவிட்டான்! இல்லை. முன்னாலேயே வந்து காத்திருந்த பத்திரிகை போட்டோகிராபர்களின் ஃப்ளாஷ் பல்பு.

ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஒரு மாஃபியாக்காரன் அகப்படவில்லை. சல்லடை போட்டுத் தேடியதில் கிடைத்தது சில பழைய துப்பாக்கிகள். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. அதிலும் எலி "வாங்க, உட்காருங்க" என்றது. கியூபாவில் அமெரிக்கா மண்ணைக் கவ்விய 'பே ஆஃப் பிக்ஸ்' படையெடுப்பை வைத்து, இதற்கு 'பே ஆஃப் பிக்லெட்ஸ்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. பன்றிக்கு இல்லையாம், பன்றிக்குட்டிக்குத்தான் லாயக்காம்.

பிடித்தாயிற்று, அடுத்து என்ன செய்வது? வந்த ராணுவ இன்ஜினீயர்கள் ரோடு போட்டார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள். லண்டன் குளிரில் விறைத்த போலீஸ்காரர்கள் கரீபியன் வெயிலில் டியூட்டி பார்த்தார்கள். இரண்டு வருஷமாக மனுப் போட்டுக் கிடைக்காததெல்லாம், படையெடுப்பால் வீடு தேடி வந்தது. தோற்றதாகச் சொல்லப்பட்டவன் கேட்டதெல்லாம் வாங்கிக்கொண்டான். ஜெயித்தவன் பில் கட்டினான்.

1980 டிசம்பர் 19 அன்று அங்குவில்லா சட்டப்படி தனியாகப் பிரிந்து, ஆசைப்பட்டபடியே பிரிட்டனின் நேரடிப் பிரதேசம் ஆனது. செயிண்ட் கிட்ஸும் நெவிஸும் 1983ல் முழுச் சுதந்திரம் வாங்கிக்கொண்டன. அவரவர் கேட்டது அவரவருக்கு. இதை 1967லேயே எழுதிக் கொடுத்திருக்கலாம், ஒரே ஒரு தபால்தலை செலவில்.

கிளைமாக்ஸ் இன்னும் இருக்கிறது. இன்டர்நெட் வந்தபோது இணைய முகவரியின் முடிவில் போட நாட்டுக்கு இரண்டு எழுத்து வீதம் பிரித்துக் கொடுத்தார்கள் அல்லவா? அங்குவில்லாவுக்கு வாய்த்தது 'ஏஐ'. ஆமாம், அதே ஏஐ! இன்று ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் கம்பெனிகள் அந்த முகவரிக்காக வரிசை கட்டுகின்றன. 2023ல் மட்டும் இதில் வந்தது சுமார் 3.2 கோடி டாலர், தீவு அரசின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். எண்ணெய் தோண்டவில்லை, தண்ணீர் பாட்டிலில் அடைக்கவில்லை. உலகத்தின் அத்தனை புத்திசாலிகளும் முகவரிக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தவறாமல் ரசீது போட்டுக் கொடுக்கிறது, ஒரு காலத்தில் முந்நூறு பேர் பதுங்கிப் பதுங்கிப் போய்ப் பிடித்த அந்தப் பயங்கரத் தீவு.