குட்டு

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கோப்பு பார்க்கிறவர்களில் நாலு பேராவது படிப்பார்கள் என்ற நப்பாசையில் சொல்கிறேன்.

பட்டாபிஷேகம் முடிந்து ஊருக்குக் கிளம்பிய விபீஷணனுக்கு ராமன் ஒரு விமானம் கொடுத்தனுப்பினான். உள்ளே பள்ளிகொண்ட பெருமாள். இலங்கை போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. வழியில் காவிரியைப் பார்த்ததும் சந்தி செய்யலாமே என்று விபீஷணனுக்குத் தோன்றியது. பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் கையில் விமானத்தைக் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினான். பையன் வேறு யாருமில்லை, நம் பிள்ளையார். கை வலிக்கிறது என்று சாக்குச் சொல்லி அதைக் கரையில் வைத்துவிட்டார். விபீஷணன் ஓடி வந்து ஆட்டினான், அசைத்தான், ராட்சச பலம் முழுவதையும் போட்டு இழுத்தான். விமானம் எழவில்லை. அதுதான் ஸ்ரீரங்கம்.

ஆற்றோரம் இறக்கிய விமானம் மறுபடி கிளம்பாது. இந்த விதியை எழுதிவைத்திருக்கும் தலபுராணம் ராஜகோபுர வாசலில் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் கிடைக்கிறது. விமான நிலையம் கட்டுகிறவர்கள் கோடிக் கணக்கில் ஆலோசனைக் கட்டணம் கொடுத்து வெளிநாட்டு அறிக்கை வாங்குகிறார்கள்.

சென்னை மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். இரண்டாவதை நீட்ட வேண்டும் என்றார்கள். நீட்டுகிற பக்கத்தில் அடையாறு குறுக்கே வந்தது. ஆறு குறுக்கே வந்தால் சாதாரண மனிதன் நின்றுவிடுவான். நம் ஆட்கள் நிற்கவில்லை. 2010களின் தொடக்கத்தில் ஆற்றுக்கு மேலேயே பாலம் கட்டி, பாலத்தின் மேல் ஓடுபாதையைப் போட்டார்கள். பொறியியல் சாதனை என்று பாராட்டும் நடந்தது. ஆற்றுக்கு அது ஓடும் பாதை, இவர்களுக்கு ஓடுபாதை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த தமிழைத்தான் குறை சொல்ல வேண்டும்.

2015 டிசம்பர் 1. தாம்பரம் பக்கம் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. ஏற்கெனவே நவம்பர் முழுக்கப் பெய்து ஏரிகளெல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. அடையாற்றில் வடியும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கனஅடி வீதம் 21 மணி நேரம் திறந்துவிட்டதாக இந்தியத் தணிக்கைத் துறை பின்னால் எழுதியது. மனிதர்களால் வந்த பேரிடர் என்றும் எழுதியது. அந்த அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வைத்தார்கள், அது அங்கேயே இருக்கிறது. ஸ்ரீரங்க விமானம் போலத்தான், ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

அன்று ராத்திரி அடையாறு தன் பாதையைத் தேடி வந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. பயணிகள் விமானம் மறுபடி பறக்க டிசம்பர் 6 ஆயிற்று. இடையில் அரக்கோணத்துக் கடற்படை விமான தளம் கைகொடுத்தது. ஏர்பஸ், போயிங் போன்ற பெரியண்ணன்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள், பிழைத்தார்கள். அகப்பட்டவை குட்டி விமானங்கள். ஹேங்கர் ஓரத்திலும் திறந்த வெளியிலும் நின்ற சிறு விமானங்கள் நகர்ந்து, புரண்டு, மூக்கு வானத்தைப் பார்க்கச் செத்தையும் சேறும் அப்பிக் கிடந்த படங்களை உலகமே பார்த்தது. ஆகாயத்தாமரை என்று பேர் வைத்துக்கொண்டு அடையாற்றிலேயே கிடக்கும் செடிக்கு அன்றைக்குத் துணை கிடைத்தது.

குட்டி விமானம் மிதக்குமா என்று கேட்பவர்களுக்கு: மிதக்கும். இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம் வெறும் எடையில் 500 கிலோ அளவுதான். பழைய மாருதி 800 அதைவிடக் கனம். எரிபொருள் டேங்குகள் இறக்கைக்குள் இருக்கின்றன. டேங்க் காலியாக இருந்தால் கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளை முதுகில் கட்டிய சுரைக்குடுக்கை மாதிரிதான். தண்ணீர் ஏறியதும் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். போய் முட்டுவது பக்கத்து விமானத்திலோ மதில்சுவரிலோ. ஒரு தகடு நசுங்கினால்கூட அந்த இறக்கையை நம்பி மேலே போக முடியாது.

முட்டாமல் தப்பியதற்கும் விடிவு இல்லை. சேற்றுத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விட்டால் பிரித்து மேய வேண்டும். பொறி கொடுக்கும் மேக்னெட்டோ போச்சு. மின்னணுக் கருவிகள் போச்சு. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த நோய். தெரியாத நோய் இன்னொன்று உண்டு. அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்திருக்கும் இடுக்குகளில் ஈரம் தங்கிவிடும். வெளியே துடைத்து மினுமினுக்க வைக்கலாம். உள்ளே அது அரித்துக்கொண்டே இருக்கும். நம் ஊரில் துடைத்து மினுமினுக்க வைக்கப்படுவது விமானம் மட்டுமா என்ன.

எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். குட்டி விமானம் ஓட்டுகிறவர் காலையில் முதல் வேலையாக என்ன செய்வார் தெரியுமா? இறக்கைக்கு அடியில் குனிந்து, டேங்கின் அடிவாய்க் குமிழை அழுத்தி, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் பிடிப்பார். நீல நிறப் பெட்ரோல் அது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அடியில் தண்ணீர் திரண்டு நிற்கிறதா? நின்றால் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பார். தண்ணீர் வருவது நிற்கும்வரை பிடித்துப் பிடித்துப் பார்ப்பார். உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்தாக வேண்டிய பையனுக்கும் பெண்ணுக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பதில் இது ஒன்று. காற்றின் வேகத்தை அளக்கும் சுண்டுவிரல் அகலக் குழாய்க்குள் ஒரு குளவி போய்விடக் கூடாது என்று அதற்குச் சிவப்பு நாடா தொங்கும் உறை போடுவார்கள்.

ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இத்தனை சட்டம். ஒரு குளவிக்கு உறை. அந்த விமானம் நிற்கிற தரைக்கு அடியில் ஒரு ஆறே ஓடுகிறதே, அதை எந்தக் குப்பியில் பிடித்து எந்த வெளிச்சத்தில் பார்த்தார்கள்?

சொட்டை விட்டால் விமானியின் உரிமம் போகும். ஆற்றை விட்டவருக்குப் பதவி உயர்வு.

வெள்ளம் வடிந்ததும் ஒரு சொல் சென்னையில் மிதந்தது: ஆக்கிரமிப்பு. அடையாற்றின் கரையில் யார் ஆக்கிரமித்தது என்று தேடிப் போனார்கள். கண்டும் பிடித்தார்கள். ஓலையும் தகரமும் வேய்ந்த பத்தடிக் குடிசைகள். ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். அங்கேயும் மழை வந்தால் தண்ணீர் நிற்கும். ஆற்றிலிருந்து காப்பாற்றிச் சதுப்பில் குடியேற்றும் கருணையை எந்தப் புராணத்திலும் நான் படித்ததில்லை. மீன் செத்துவிடுமே என்று தண்ணீரிலிருந்து எடுத்துக் கரையில் போட்ட குரங்கு இவர்களுக்குத் தேவலாம்.

ஆற்றைத் தொட்டுக்கொண்டிருந்த குடிசை ஆக்கிரமிப்பு. ஆற்றின் மேலேயே ஏறிப் படுத்திருக்கும் ஓடுபாதை உள்கட்டமைப்பு. குடிசைக்காரனுக்கு 10,000 ரூபாய், 10 கிலோ அரிசி, ஒரு வேட்டி, ஒரு சேலை, நிவாரணம் முடிந்தது. ஊர் ஊராக மக்கள் சேர்த்து அனுப்பிய பொட்டலங்களில் அன்றைய முதல்வர் ‘அம்மா’ படம் ஒட்ட ஆள் இருந்தது. தண்ணீர் வருகிறது, ஓடுங்கள் என்று கரையோரம் முன்கூட்டிப் போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். விமானத்துக்காவது காப்பீட்டுக்காரர் வந்து குனிந்து நிமிர்ந்து படம் எடுத்து, இன்ன பாகம் இத்தனை என்று கணக்கு எழுதுவார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மீனம்பாக்கம் மறுபடி மூடியது. டிசம்பர் 4இல் மூடி மறுநாள் திறந்தார்கள். எட்டு வருடத்தில் என்ன கற்றார்கள்? மூடக் கற்றுக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டைப் பார்த்தாவது புத்தி வந்திருக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் கொச்சி விமான நிலையத்துக்குள் புகுந்தது. வயலை நிரப்பிக் கட்டிய நிலையம் அது. 15ஆம் தேதி மூடியது 29ஆம் தேதிதான் திறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலும் மூடினார்கள். பாங்காக்கின் தோன் முயங் 2011 அக்டோபரில் முழுகி, அடுத்த மார்ச்சில்தான் எழுந்தது. வயலுக்கும் ஏரிக்கும் ஞாபகசக்தி அதிகம். பட்டா மாறினாலும் மறக்காது.

சென்னைக்காரனை மட்டும் ஏசுவதாக எங்கள் ஊர்க்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். சமயபுரத்திலிருந்து திருச்சிக்குப் போகிற எங்களுக்குக் கொள்ளிடத்தைத் தாண்டாமல் பிழைப்பில்லை. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கியது. வயசாகிவிட்டது என்றார்கள். அதே மாதம் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலமும் தூண் சரிந்து விழுந்தது. அதற்கும் வயசாகிவிட்டது. சரி. 2024 ஆகஸ்டில் புதுப் பாலத்தைக் காக்க ரூ.6.5 கோடியில் கட்டிய தடுப்புச் சுவர் கொள்ளிடத்தோடு போனதே, அதற்கு என்ன வயசு? கைக்குழந்தை. உயர் மின்கோபுரமும் கூடவே ஆற்றில் சாய்ந்தது. அடிமணலை யார் அள்ளினார்கள் என்று கேட்டால் ஊரே ஆற்றைப் பார்க்கிறது. ஆறு மேலே பார்க்கிறது.

இதற்கு நடுவில் 2024 ஜனவரி 2இல் எங்கள் விமான நிலையத்துக்கும் புது முனையம் வந்தது. ரூ.1,100 கோடிக்கு மேல். பிரதமர் வந்து திறந்தார். சுவரெல்லாம் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் கோலமும் வண்ணமும். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. கோபுரத்தை வரைந்தவர்கள் பக்கத்தில் விபீஷணன் கதையையும் நாலு வரி எழுதியிருக்கலாம். வந்து இறங்கும் மந்திரிகள் பெட்டி வரும்வரை சும்மாதானே நிற்கிறார்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்தது பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரத்துப் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் நிலம். அதற்குள் ஏரி, குளம், தாங்கல், வயல். கம்பன் கால்வாய் ஊடே போகிறது. அந்தக் கால்வாய்த் தண்ணீர் ஏரி ஏரியாக நிரப்பி ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகும். அங்கே நிரம்பி வழிந்தால் செம்பரம்பாக்கம். செம்பரம்பாக்கம் நிரம்பி வழிந்தால் அடையாறு. அடையாறு நிரம்பினால் மீனம்பாக்கம். ஒரே தண்ணீரில் இரண்டு விமான நிலையத்தையும் முழுக்காட்டும் ஏற்பாடு உலகத்தில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அதையும் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த நிலத்துக்குள் அகப்பட்ட ஏகனாபுரத்துச் சனங்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போராடுகிறார்கள். கிராம சபையில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள். 2024 தேர்தலைப் புறக்கணித்தார்கள். தண்ணீர் எங்கே வரும், எங்கே தேங்கும், எந்தக் கலங்கில் வழியும் என்று அந்த ஊர்க் கிழவிக்குத் தெரியும். அவள் படிக்காதவள். ஆகவே நீர்ப்போக்கை ஆராயப் படித்தவர்கள் குழு ஒன்று போட்டார்கள். இடத்தை அறிவித்த பிறகு. பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்க்கிற சம்பந்தி இவர்கள்.

விபீஷணன் கதையில் பாக்கியை இன்னும் சொல்லவில்லை. விமானம் எழவில்லை என்றதும் அவன் விசாரணைக் கமிஷன் வைக்கவில்லை. இயற்கையின் சீற்றம் என்று பேட்டி கொடுக்கவில்லை. கீழே வைத்த பையனைத் துரத்தினான். பையன் ஓடிப்போய் மலைக்கோட்டை உச்சியில் ஏறி உட்கார்ந்தான். அங்கேயும் ஏறிப் போய் நெற்றியில் ஓங்கி ஒரு குட்டு வைத்தான். உச்சிப் பிள்ளையார் நெற்றியில் அந்த வடு இன்றும் இருக்கிறது என்பார்கள். செய்தது கடவுளே ஆனாலும் குட்டு உண்டு. அது அரக்கர் ராஜ்ஜியத்து நிர்வாகம். நம்முடையது மக்களாட்சி. இங்கே எத்தனையோ குட்டு வெளிப்படுகிறது, ஒரு நெற்றியிலும் ஒரு குட்டு விழவில்லை.

போன வாரம் எங்கள் சமயபுரம் மாரியம்மன் கோயில் வாசலுக்குப் போனேன். மாரி என்றாலே மழை. தன் பிள்ளைகளுக்காக வருடத்தில் 28 நாள் தானே பட்டினி கிடக்கிறவள் எங்கள் ஆத்தா. சாப்பிட்டுக்கொண்டே நிவாரணம் அறிவிக்கிற வழக்கம் அவளிடம் இல்லை. வேண்டுதல் உருத் தகடு விற்கும் கடையில் கண், கை, கால், தொட்டில் எல்லாம் தட்டில் பரப்பி வைத்திருந்தார்கள்.

"விமானம் இருக்காக்கா?"

"அதெல்லாம் வர்றதில்லீங்க தம்பி."

"சரி, ஏரி?"

அந்த அக்கா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். தட்டைக் கிளறினார். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஏரி இல்லீங்க. வீடுதான் இருக்கு."