இறுதியாண்டுக் குறும்படத்தின் முதற்பொருள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில், காட்சித் தொடர்பியல் என்று அழைப்பிதழ்களிலும் விஸ்காம் என்று மற்றெல்லா இடங்களிலும் வழங்கப்படும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் ஆறாம் பருவத்தில், மாணவர் குழு எடுத்து ஒப்படைக்கும் பத்து நிமிட அளவிலான படமே இறுதியாண்டுக் குறும்படம் எனப்படும். இப்படத்தின் அழகியலைப் பற்றி வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் போதிய அளவு பேசிவிடுவதால், இக்கட்டுரை அதை விடுத்து, படப்பிடிப்புக்கு முந்தைய ஆயத்தங்களை மட்டும் ஆராய்கிறது. நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் பத்து நிமிடத்துக்கு 14,400 சட்டகங்கள் வேண்டும். அவற்றைப் பதிவுசெய்ய வாடகைக் கேமரா இரண்டு நாள் உழைக்கிறது. அந்த இரண்டு நாளைக் கூட்டுவதற்கு ஒரு பருவம் முழுவதும் செலவாகிறது.

பாடநூல் வரிசைப்படி முதலில் ஒன்லைன் எனப்படும் ஒருவரிக் கதை பிறக்கிறது. அது திரைக்கதையாக விரிகிறது. திரைக்கதை ஷாட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஸ்டோரிபோர்டு எனப்படும் படக்கட்டங்களாக வரையப்படுகிறது. அதன் பின்னரே இடமும் பொருளும் ஆளும் தேடப்படுகின்றன. நடைமுறையோ தொல்காப்பியத்தின் வழி நிற்கிறது. பொருளதிகாரம் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்து நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கொள்வது போலவே, மாணவரும் எந்த வீடு எந்த நாளில் காலியாக இருக்கும் என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே எதைப் பற்றிப் படம் எடுப்பது என்ற உரிப்பொருளுக்கு வருகிறார். தாம்பரத்தில் சித்தப்பா வீடு கிடைத்தால் குடும்பக் கதை. சித்தப்பா ஊருக்குப் போவதாக இல்லையென்றால் மொட்டைமாடிக் காதல். மாடிச் சாவியை வீட்டுக்காரர் தர மறுத்தால் தனிமையைப் பற்றிய, வசனமற்ற கடற்கரைப் படம். கருப்பொருளுள் விலங்குக்கு உரிய இடத்தை நண்பனின் புல்லட் வகிக்கிறது. அது கிடைத்த படத்தில் நாயகன் காரணமின்றி எங்கேயாவது போய்க்கொண்டே இருப்பான். கதை இல்லாமல் நிலம் தேடுதல் எங்ஙனம் பொருந்தும் எனின், பொருந்தும், என்னை? நிலம் இல்லாமல் கதை எழுதியோர் அனைவரும் மறுபடியும் எழுதினர் ஆதலின்.

கடற்கரைக்கென்று தனி இலக்கணம் உண்டு. அங்கே கேமராவைக் கையில் வைத்திருக்கும் வரை மாணவர் பொதுமக்களில் ஒருவர். டிரைபாட் எனப்படும் முக்காலியை விரித்த கணத்தில் அவர் படப்பிடிப்புக் குழுவாகி, பெர்மிஷன் இருக்கிறதா என்ற கேள்விக்கு உரியவராகிறார். துறைத்தலைவரின் கையொப்பமும் முத்திரையும் தாங்கிய கடிதத்தை நீட்டினால், அதைக் காவலர் முழுவதும் படித்துவிட்டு, படித்ததற்கு அடையாளமாக மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். மாணவர் படங்களில் கேமரா ஓயாது ஆடுவதற்கு ஐரோப்பிய இயக்குநர்களின் செல்வாக்கைக் காரணம் காட்டும் திறனாய்வாளர்கள் இந்த முக்காலி விதியைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது உலகெங்கும் வழங்கும் வாய்பாடு. மாணவர் திரைக்கதையில் இது பிழைபடுவதற்குக் காரணம், ‘அவன் கடலைப் பார்க்கிறான்’ என்ற ஒற்றை வரி எடுத்து முடித்தபின் இரண்டரை நிமிடம் ஓடுவதே. 35 மி.மீ. படச்சுருள் காலத்தில் இது நிகழ வழியில்லை. 400 அடிச் சுருள் ஏறத்தாழ நாலரை நிமிடமே ஓடும், அதற்கும் விலை கொடுத்தாக வேண்டும் என்பதால், கடலைப் பார்ப்பவன் எத்தனை நொடி பார்ப்பான் என்பது முன்னதாகவே தாளில் முடிவுசெய்யப்பட்டது. நினைவட்டை வந்தபின் பார்வைக்கு விலை இல்லாமல் போயிற்று; ஆயத்தத்தின் பெரும்பகுதியும் அதனுடன் போயிற்று.

ஒலியைப் பற்றிய ஆயத்தம் இத்துறையில் மிகவும் நுண்ணியது. அறைக்குள் வசனம் பதிவாகும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. அதனால் நாயகியின் நெற்றியில் அரும்பும் வியர்வையைத் தேர்வாளர் அகப்போராட்டமாகக் கொள்வதும் மதிப்பெண் இடுவதும் வழக்கம். குளிர்சாதனப் பெட்டியின் இயல்போ வேறு. அது ஓடியும் ஓய்ந்தும் இயங்குவது. ஒத்திகையின்போது ஊமையாக இருந்துவிட்டு, நடிகர் முதன்முறையாக வசனத்தைப் பிழையின்றிச் சொல்லும் நேரத்தில் உறுமத் தொடங்குவது. இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதன் மடங்குகளில் எழும் ரீங்காரம் ஆண் குரலின் அடித்தளத்தோடு கலந்துவிடுவதால், எடிட்டிங்கில் அதை வடிகட்டும்போது தந்தை பாத்திரத்தின் கண்டிப்பும் சேர்ந்து வடிந்துவிடுகிறது. ஆகவே பெட்டியின் சுவிட்சை அணைத்தாக வேண்டும். அணைப்பதில் எவருக்கும் சிக்கல் இல்லை. மாலையில் மறுபடியும் போடுவதற்கு எவரும் இருப்பதில்லை. இதற்கு ஒலிப்பதிவாளர்கள் கண்ட தீர்வு, வண்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைப்பதாகும். சாவி இல்லாமல் வீடு திரும்ப முடியாதாகையால், கதவைத் திறப்பவர் உள்ளே விளக்கு எரியாததைக் கண்டு தம் கடமையை உணர்வார். இம்முறை வண்டியில் வரும் குழுவினருக்கு ஏற்றது. மாநகரப் பேருந்தில் வந்து சேரும் குழுவினரிடம் வைப்பதற்குச் சாவி இல்லாததால், படம் முடிந்த மறுநாள் அந்த வீட்டில் இட்லி மாவு பொங்கி வழிந்த செய்தி குடும்பத்துக்குள் பரவி, சித்தப்பா வீடு என்ற நிலம் அடுத்த ஆண்டு மாணவருக்கும் இல்லாமல் ஆகிறது.

அடுத்தது தொடர்ச்சி. கன்டினியூட்டி எனப்படும் இது, வெவ்வேறு நாளில் எடுத்த ஷாட்டுகள் ஒரே பொழுதில் நிகழ்ந்தவை போல் தோன்றச் செய்வது. சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’யின் நாணற்காட்சியில் ஒரு பகுதியை 1952 அக்டோபரில் எடுத்துவிட்டு, எஞ்சியதை எடுக்க ஒரு வாரம் கழித்துச் சென்றபோது, பூத்திருந்த நாணலை மாடுகள் மேய்ந்து முடித்திருந்தன, அவர் அடுத்த பூப்பருவத்துக்குக் காத்திருந்தார், படம் 1955-இல் வெளிவந்தது. வைவா தேதி ஒட்டப்பட்ட மாணவருக்கு அடுத்த பருவம் என்பது அரியர் என்ற பெயரில் மட்டுமே வரும். அவருடைய நாணல், நாயகனின் தாடி. முதல் நாள் படப்பிடிப்பில் காதல் தோல்விக்காகப் பொறுமையாக வளர்க்கப்பட்ட தாடியோடு நடித்தவர், இரண்டாம் நாளுக்குள் வளாக நேர்காணலுக்காக அதை மழித்துவிடுவார்; அல்லது பழனியில் வேண்டுதலை முடித்துக்கொண்டு சந்தனம் பூசிய தலையோடு வருவார். இவ்விடத்தில் அறிஞர்கள் இரு சாரார். ஒரு சாரார் தொப்பி என்பர். மற்றொரு சாரார் ‘சில மாதங்களுக்குப் பிறகு’ என்று எழுத்து இடுவர். பின்னவர் கொள்கையே வலுவுடையது. தொப்பிக்குக் காரணம் சொல்ல வேண்டும், காலத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோரின் இசைவும் ஆயத்தத்தில் அடங்கும். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ் ‘பீட்சா’வையும் (2012) நலன் குமாரசாமி ‘சூது கவ்வும்’ படத்தையும் (2013) இயக்கிய பிறகு, குறும்படம் சோறு போடுமா என்ற வினாவுக்கு மகனிடம் இரண்டு விடைகள் இருந்தன. அம்மா ஒப்புக்கொண்டார் என்பதும், அப்பா தொகையைக் கேட்டார் என்பதும் வீடுதோறும் பொதுவானவை.

அத்தொகையில் பெரும்பங்கு கேமராவுக்குப் போகிறது என்பது வெளியார் நம்பிக்கை. ஒளியைத் திருப்ப வாடகைப் பலகைக்குப் பதிலாகத் தெர்மாகோல் போதும். கடற்காற்றில் அது பறந்தால் துரத்துவதற்கு உதவி இயக்குநர்கள் உண்டு. உணவுக்கு மட்டும் மாற்று இல்லை. சம்பளம் இல்லாத குழுவுக்குப் பிரியாணியே சம்பளமாகையால், முதல் நாள் தயிர்சாதம் தந்த இயக்குநருக்கு இரண்டாம் நாள் பூம் மைக் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. படம் முடிந்து பூசணிக்காய் உடைக்கும்போதும் அவரே உடைத்து அவரே பெருக்க நேரிடும்.

பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில், கையில் கடிதத்தோடு உறவுக்காரப் பிள்ளை ஒருவன் வந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா என்று பணிவாக விசாரித்தால், வாசகர்கள் மறுக்காமல் வீட்டைக் கொடுத்துவிட்டு, மாவுப் பாத்திரத்தை மட்டும் பக்கத்து வீட்டில் வைத்துச் செல்வது நலம்.