ஒன்றரை ரூபாய்ப் பாரதி

கேள்வி: புத்தகங்களின் பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் இலவசமாகவே வந்துவிடும்போது, காசு கொடுத்து வாங்குகிறவன் அசடன் அல்லவா?
- ஒரு வாசகர், திருமயம்

பதில்: தங்கள் தாலுகாவைச் சேர்ந்த ராயவரத்தில் பிறந்து, 1939-இல் ‘சக்தி’ மாசிகையைத் தொடங்கிய வை. கோவிந்தன் அவர்கள், பாரதியார் கவிதைகளை 1957-இல் ஒன்றரை ரூபாய்க்கு அச்சிட்டு எளியவர் கைக்கும் எட்டச் செய்தார் என்பது பிரசித்தம்; அதற்கு முன்பே, 1949-இல் சென்னை அரசாங்கம் அந்நூல்களின் உரிமையைப் பெற்று, கவியின் குடும்பத்தாருக்குத் தொகையும் அளித்து, பின்னரே அவற்றைப் பொதுவுடைமையாக்கிற்று என்பதை மட்டும் நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். மலிவு வேறு, களவு வேறு ஐயா!

பல்லாயிரம் கொடுத்துக் கைப்பேசி வாங்கி, மாதந்தவறாமல் ரீசார்ஜும் செய்து, ஸ்கேன் செய்த புண்ணியவானின் கட்டைவிரல் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் தரிசனம் தர, கதையின் உச்சகட்டத்தில் இரண்டு பக்கங்கள் காணாமற்போன அந்தப் பிரதியைத் தாங்கள் படிக்கும் சிரமத்தை நினைத்தால் பரிதாபமாகத்தான் இருக்கிறது. இருநூறு ரூபாய்ப் புத்தகத்தில், பத்து சதவீத ராயல்டி என்று கொண்டால், எழுத்தாளருக்குச் சேர்வது இருபது ரூபாய். அதுவும் பதிப்பாளர் ஒழுங்காகக் கணக்குக் காட்டினால்!

வாங்க இயலாதோர்க்குப் புதுக்கோட்டையிலேயே ஞானாலயா என்னும் ஆய்வு நூலகம் இருக்கிறது, மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. இரண்டும் வேண்டாமென்று திருட்டுப் பிரதியைத் தெரிந்தே பரப்புவோர்க்கு, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவில், மூன்றாண்டு வரை சிறைவாசம் வைத்திருக்கிறது. சிறைச்சாலையிலும் நூலகம் உண்டு. அங்கே வாசிப்பு இலவசந்தான்.